கல்லுக்கு மட்டும் குத்தகை

அவரிடம் ஒரு பொருளை இரவல் வாங்குவது லேசான காரியமில்லை. பெர்ன் நகரைச் சுற்றியிருந்த தமிழ்க் குடும்பங்களில் சோறு ஆக்கும் பெரிய கிடாரம் இரண்டும், மடக்குக் கதிரை நாற்பதும், வடை பொரிக்கும் அகன்ற தாச்சியும் வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். பிறந்தநாளோ சாமத்தியவீடோ செத்தவீடோ, எதுவானாலும் கடைசியில் அவர் வாசலில் போய் நிற்கவேண்டும். இல்லையென்று அவர் சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை. ஆனால் பொருளைக் கையில் தருமுன் ஒரு கேள்வி கேட்பார்.

"எப்ப திரும்பி வரும்?"

எப்போது கொண்டுவந்து தருவீர் என்று கேட்கமாட்டார். கிடாரம் தானே பஸ் ஏறி வந்து இறங்கப்போவது போலத்தான் கேட்பார். "பின்னேரம் வரும் அக்கா" என்று சொல்லித் தப்ப முடியாது. எத்தனை மணிப் பின்னேரம் என்பார். நான்கு மணி என்று ஒப்புக்கொண்டவர் ஐந்து மணிக்கு வந்தாலும் கோபிக்கமாட்டார். பொருளை வாங்கிச் சுண்டிப் பார்த்துவிட்டுத் தேத்தண்ணி ஊற்றித் தருவார். அடுத்த தடவை நாம் கேட்கப் போகும்போது அந்த ஒரு மணித்தியாலம் அவருக்கு ஞாபகம் இருக்கும். அது நமக்கும் தெரியும். அதனால் எங்கள் ஆட்கள் முகூர்த்தத்தைத் தவறவிட்டாலும் கிடாரத்தை நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

முதுகுக்குப் பின்னால் அவருக்கு ரெத்தூர் அக்கா என்று பெயர். இந்த நாட்டில் ரயில் ரிக்கற் வாங்கும்போது ஒருவழியா, ரெத்தூரா என்று கேட்பார்கள். போய்த் திரும்புவதற்கு அதுதான் சொல். பெயர் அவர் காதுக்கும் எட்டியிருந்தது. ஒருநாள் அவரே என்னிடம் சொன்னார்: "ஒருவழி ரிக்கற் ஒருக்கா எடுத்து வந்தனான் தம்பி. அது காணும்."

தமிழர்களிடம் மட்டும்தான் இப்படி என்று நினைத்திருந்தேன். ஒருமுறை மழையில், ஓஸ்டர்முண்டிகன் பஸ் தரிப்பில், முன்பின் தெரியாத சுவிஸ் பெண்ணொருத்திக்குத் தன் குடையைக் கொடுத்துவிட்டு, எப்போது திரும்பி வரும் என்று ஜேர்மன் மொழியில் கேட்டிருக்கிறார். அந்தப் பெண் திகைத்துப்போய் வியாழக்கிழமை என்று சொல்லிவிட்டாள். வியாழக்கிழமை அக்கா அதே தரிப்பில் போய் நின்றார். அவளும் வந்தாள். குடையோடு ஒரு சொக்கலேற் பெட்டியையும் தந்தாள். குடை திரும்பிய சந்தோஷத்தைவிட அந்தச் சொக்கலேற்றை எப்படித் திருப்புவது என்ற கவலைதான் அவருக்குப் பெரிதாக இருந்தது. ஒரு கிழமை கழித்து அந்தப் பெண்ணைத் தேடிப் பிடித்து ஒரு டப்பா பருத்தித்துறை வடையைக் கையில் கொடுத்த பிறகுதான் ஆறுதலடைந்தார்.

நான் அப்போது பெர்னில் ஒரு வைத்தியசாலையில் நோயாளிகளின் கட்டில்களைத் தள்ளிக்கொண்டு திரிந்தேன். ஓய்வு நாட்களில் மொழிபெயர்ப்பாளர் வேலை. பாடசாலை, சமூக உதவி அலுவலகம், வைத்தியர் என்று எங்கள் ஆட்கள் மேசைக்கு ஒரு பக்கமும் சுவிஸ்காரர் மறுபக்கமும் இருக்க, நடுவில் நான் இருப்பேன். அக்கா அதே வைத்தியசாலையின் சலவைப் பகுதியில் வேலை செய்தார். அவர் கணவர் சமையற்கூடத்தில். ஒரே மகன். பிறந்தது இங்கேதான்.

மகனைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடவேண்டும். அவனுக்குத் தசைகள் மெல்ல மெல்லத் தேய்ந்துபோகும் வருத்தம். ஐந்து வயதில் படியேறத் தடுமாறினான். பன்னிரண்டு வயதில் சக்கர நாற்காலிக்கு வந்துவிட்டான். கெட்டிக்காரன், எங்கள் எல்லோரையும்விட வேகமாகப் பகிடி விடுவான். இந்த வருத்தம் உள்ள பிள்ளைகள் பெரும்பாலும் பெற்றோருக்கு முன்னமே போய்விடுவார்கள் என்பதை வைத்தியர் சொன்னபோது மொழிபெயர்த்தவன் நான்தான். அக்கா அன்று ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அவர் கேள்வி கேட்காத நாளை நான் முதன்முதலாகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

அவர்கள் வீடு வாங்கியது 2009இல். ஊரில் எல்லாம் முடிந்துபோய், எங்கள் ஆட்கள் ஒருவரை ஒருவர் முகம் பார்த்துக் கதைக்கப் பயந்த வருடம். அந்த நேரத்தில் இவர்களுக்கு வீடு கேட்கிறதோ என்று வாய் கூசாமல் கதைத்தவர்களில் நானும் ஒருவன். ஓஸ்டர்முண்டிகனுக்கு அப்பால், பஸ்ஸில் இருபது நிமிடத் தூரத்தில், வயலும் மாடும் வைத்திருந்த கமக்காரர் ஒருவரின் பழைய வீடு. வீட்டோடு, அப்பிள் மரங்கள் நாலைந்து நின்ற ஒரு சரிவுத் துண்டு. அந்தச் சரிவுக்கு அப்பால் ஒரு சரளைக்கல் குழி. லொறிச் சத்தமும் தூசியும் இருந்ததால்தான் அந்த விலைக்குக் கிடைத்தது. கீழ்த்தளம் முழுக்க வாசற்படி இல்லாமல் சமதரையாக இருந்தது. அக்காவுக்கு அது போதும். மகனுடைய அறையைச் சமையலறைக்குப் பக்கத்தில் வைத்தார். குளியலறைக் கதவை அகலமாக்கினார். வாசலுக்குச் சரிவுப் பாதை போட்டார். அவனை ஒரு பராமரிப்பு இல்லத்தில் விடுவதில்லை என்பது அவர் எடுத்திருந்த முடிவு. அதை யாரிடமும் அவர் விவாதித்ததில்லை.

மகனுக்கு அந்தக் குழியைப் பிடித்திருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் யன்னலருகே நாற்காலியை நிறுத்தி, மண் தோண்டும் இயந்திரம் கையை நீட்டி மடக்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பான். சாரதிகள் எல்லோரும் அவனுக்குக் கை காட்டிவிட்டுத்தான் போவார்கள்.

நான்கு வருடம் கழித்து அவர் கணவர் வேலைக்குப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். அதே வைத்தியசாலையில், நான் தள்ளும் கட்டில்களில் ஒன்றில்தான் அவரைக் கொண்டுபோனோம். காப்பாற்ற முடியவில்லை. மூன்று மாதத்தில் வங்கியிலிருந்து கடிதம் வந்தது. இரண்டு சம்பளத்தைப் பார்த்துக் கொடுத்த வீட்டுக் கடன், ஒரு சம்பளத்துக்குக் கூடுதலானது. கடனில் ஒரு பகுதியை இலையுதிர் காலத்துக்குள் குறைக்காவிட்டால் வீட்டை விற்பது பற்றி யோசிக்கவும் என்று மிகவும் மரியாதையாக எழுதியிருந்தார்கள். நான் வாசித்துச் சொன்னேன். அக்கா யன்னலருகே நாற்காலியில் இருந்த மகனைப் பார்த்தார். அந்த வீடு போனால் நாலு மாடி ஏறும் வாடகை வீடும், மகனுக்கு ஒரு பராமரிப்பு இல்லமும்தான் என்பது எங்கள் மூவருக்கும் தெரியும்.

அந்தக் கோடையில்தான் சரளைக் கம்பனியிலிருந்து ஆள் வந்தார். அறுபதை நெருங்கியவர், சகதி ஒட்டிய சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்தவர். குழியை நீட்டப்போகிறார்களாம். அக்காவின் சரிவுத் துண்டுக்குக் கீழே நல்ல சரளை இருக்கிறதாம். இந்த நாட்டில் நிலத்துக்கடியில் உப்போ எண்ணெயோ இருந்தால் அது கன்ரோனுக்கு, அதாவது மாநில அரசுக்குச் சொந்தம். சரளை மட்டும் நிலக்காரருக்கே சொந்தம். அதனால் இரண்டு வழி இருக்கிறது என்றார். ஒன்று, துண்டைக் கம்பனிக்கே விற்றுவிடலாம். முழுப் பணமும் உடனே. மற்றது, நிலத்தை வைத்துக்கொண்டு சரளை எடுக்கும் உரிமையை மட்டும் குத்தகைக்குக் கொடுக்கலாம். ஒப்பமிடும்போது ஒரு முற்பணம், பிறகு வருடா வருடம் எடுத்த அளவுக்கு.

விற்றால் வங்கிக் கடன் ஒரே நாளில் தீர்ந்துவிடும். எனக்குப் பெரிய பாரம் இறங்கியது போல இருந்தது. அவர் போன பிறகு நான் அக்காவிடம் மொழிபெயர்ப்பாளராக இல்லாமல் தம்பியாகவே சொன்னேன், வித்துப்போட்டு நிம்மதியா இருங்கோ என்று. முதுகு நோகும் மேட்டு நிலம், பூச்சி விழுந்த அப்பிள், அதற்குப் போய் என்ன யோசனை என்றும் கேட்டேன்.

"காணியை விக்கிறேல்லை தம்பி. கல்லு வேணுமெண்டா கல்லை எடுக்கட்டும்."

அப்போதுதான் தகப்பனின் கதையைச் சொன்னார். அவர்கள் ஊரில் நிலத்தடியில் சுண்ணாம்புக்கல். கல் வெட்டுகிறவர்கள் கேட்டபோது தகப்பன் காணியை அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டார். பணம் மூத்த மகளின் கலியாணத்தோடு கரைந்தது. காணி இருந்த இடத்தில் ஒரு பெரிய பள்ளமும் அதற்குள் பச்சைத் தண்ணீரும் மிஞ்சின. அதை எட்டிப் பார்க்கவேண்டாம் என்று சொல்லித்தான் இவரை வளர்த்தார்களாம். தகப்பன் சாகும்வரை அந்தப் பக்கத்து ஒழுங்கையால் போனதில்லையாம்.

"அப்பாவிலை பிழை சொல்லேலாது. அவருக்குக் கேக்கத் தெரியேல்லை. குழியை எப்ப மூடுவியள் எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை."

சரளைக்காரர் சொன்ன குத்தகை எனக்குத்தான் புதினமாக இருந்தது. அக்காவுக்கு அதில் விளங்காதது ஒன்றுமில்லை. யாழ்ப்பாணத்து உறுதிப் பத்திரங்களில் காணி வேறு, கிணற்றில் பங்கு வேறு, வழிவாய்க்கால் உரிமை வேறு என்று பிரித்துப் பிரித்துத்தான் எழுதியிருக்கும். காணி ஒருவருடையதாக இருக்கும். அதில் நிற்கும் பனை இன்னொருவருக்குச் சீவக் குத்தகையாகப் போயிருக்கும். பனையைக் கொடுத்தவர் காணியைக் கொடுத்ததாக யாரும் நினைப்பதில்லை. அதேபோலத்தான் இதுவும் என்று அவர் சொன்னபோது, இருபது வருடம் இந்த நாட்டுச் சட்டக் கடிதங்களை மொழிபெயர்த்த நான்தான் அவரிடம் பாடம் கேட்டேன்.

இரண்டாவது சந்திப்புக்கு அவர் மகனின் பழைய அப்பியாசக் கொப்பி ஒன்றில் முப்பது கேள்விகள் எழுதி வைத்திருந்தார். தூசி, சத்தம், வேலி, நிலத்தடி நீர், லொறி போகும் பாதை. சரளைக்காரர் ஒவ்வொன்றுக்கும் பொறுமையாக மறுமொழி சொன்னார். பதினெட்டாவதோ பத்தொன்பதாவதோ கேள்வியில்தான் நான் சறுக்கினேன்.

"மேல் மண்ணை எடுத்துக்கொண்டு போவினம்தானே. அந்த மண்ணே திரும்பி வருமோ எண்டு கேளும். வேறை ஆக்களின்ர மண்ணைக் கொண்டந்து கொட்டிப்போட்டு இதுதான் உங்கட மண் எண்டு சொல்லக்கூடாது."

எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. கிடாரத்தைச் சுண்டிப் பார்க்கிற மாதிரி மண்ணையும் சுண்டிப் பார்க்கப்போகிறாரா என்று இருந்தது. எங்கள் ஆட்களைச் சுவிஸ்காரர் மலிவாக நினைத்துவிடுவாரோ என்ற பயம் எனக்கு எப்போதும் உண்டு. எத்தனையோ மேசைகளில் அந்தப் பயத்தில் நான் கேள்விகளின் கூர்மையை மழுக்கியிருக்கிறேன். இதையும் மழுக்கினேன். வேலை முடிந்ததும் குழியை மூடுவீர்களா என்று கேட்கிறார் என்றேன். மூடுவோம் என்றார் அவர்.

அக்கா பென்சிலைக் கீழே வைத்தார்.

"தம்பி, நான் கேட்டதை நீர் கேக்கேல்லை. அந்தாள் ஒரு சொல்லிலை மறுமொழி சொல்லிப்போட்டார். நான் கேட்ட கேள்விக்கு ஒரு சொல்லிலை மறுமொழி இல்லை."

மகன் யன்னலருகே இருந்து சிரித்தான். மறுபடி கேட்டேன், இந்த முறை அவர் சொன்னபடியே கேட்டேன். சரளைக்காரர் நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார். அவரைக் கேலியாகப் பார்ப்பார் என்று நான் பயந்தேனே, அந்தப் பார்வையில் அப்படி ஒன்றுமே இல்லை. தாளொன்றை எடுத்து மூன்று கோடு கீறினார். மேல்மண்ணை ஒரு குவியல், அதற்குக் கீழுள்ள மண்ணை இன்னொரு குவியல் என்று தனித்தனியாக வைப்போம், அதன்மேல் புல் விதைப்போம், இயந்திரம் ஏறவிடமாட்டோம், ஈரமான நாளில் தொடமாட்டோம், சரளை எடுத்த குழியைச் சுத்தமான மண் கொண்டுவந்து நிரப்பிய பிறகு கீழ்மண்ணைக் கீழும் மேல்மண்ணை மேலுமாகத் திருப்பி வைப்போம், குவியலுக்கு இந்தத் துண்டின் இலக்கத்தை எழுதி வைப்போம். பிறகு சொன்னார், தன் தகப்பனும் ஒரு கமக்காரர், அவரும் இதைத்தான் முதலில் கேட்டிருப்பார் என்று. பத்து நிமிடம் எடுத்தது அந்த மறுமொழி.

"இது மறுமொழி" என்றார் அக்கா.

முற்பணம் வங்கிக்குப் போதவில்லை. விற்றிருந்தால் போதியிருக்கும் என்று நான் முணுமுணுத்தேன். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. குத்தகைப் பத்திரத்தைப் பிரதி எடுத்துக்கொண்டு என்னையும் இழுத்துக்கொண்டு வங்கிக்குப் போய், இத்தனை வருடத்துக்கு இந்தக் காணி உழைக்கும், காணியும் திரும்பி வரும் என்று காட்டினார். வங்கி தவணை கொடுத்தது. மீதிக்கு ஒன்றரை வருடம், சலவை வேலை முடிந்து பின்னேரங்களில் அலுவலகக் கட்டடம் ஒன்றில் துப்புரவு வேலை செய்தார். வீடு நின்றது. அந்தத் துப்புரவு வேலையில் அவருடைய இடது தோள் போனது. அதற்கு நான் பல நாள் அவர்மேல் கோபமாக இருந்தேன். அவரோ குத்தகை தப்பென்று ஒருநாளும் சொன்னதில்லை.

பத்திரத்தில் இன்னொரு வரியும் இருந்தது. அவர் கணவரின் திவசத்தன்று அந்தத் துண்டில் இயந்திரம் ஓடக்கூடாது. எந்தத் திகதி என்று சரளைக்காரர் பேனையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். திகதி இல்லை, திதி; வருடா வருடம் மாறும் என்று நான் விளங்கப்படுத்தவேண்டியதாகிவிட்டது. அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, ஒரு மாதத்துக்கு முன்னமே கடிதம் போடுங்கள் என்று சொல்லி எழுதிக்கொண்டார். ஏன் இப்படி ஒரு பிடிவாதம் என்று வெளியே வந்து கேட்டேன். "வருசத்திலை ஒருநாள்தான் அவர் சாப்பிட வாறவர். அந்தச் சத்தத்துக்குள்ள எப்பிடி வாறது?" என்றார்.

மூன்றாம் வருடம் அதில் ஒரு பிழை நடந்தது. ஊரிலிருந்து கூடப்பிறந்த தம்பி அனுப்பிய கலண்டரைப் பார்த்து அக்கா கடிதம் போட்டுவிட்டார். இங்கே கோவில் ஐயரின் கணக்கில் திதி ஒருநாள் முந்தியே வந்தது. ஊருக்கும் இங்கைக்கும் நேரம் வேறு, ஒன்றிரண்டு வருடத்தில் அப்படி மாறும். படைத்துவைத்த இலைக்கு முன்னால் நாங்கள் இருக்க, வெளியே இயந்திரம் ஓடிக்கொண்டே இருந்தது. நான் போய்ச் சொல்லட்டோ என்று எழும்பினேன். இருக்கச் சொன்னார். அவர்கள் சொன்ன சொல்லைக் காப்பாற்றுவார்கள், கடிதத்தில் பிழை விட்டது தான்தான் என்றார். அடுத்த நாள் சொன்னபடி குழி அமைதியாகக் கிடந்தது. அக்கா இன்னொரு முறை முழுச் சமையலும் சமைத்து இலை போட்டார்.

வருடங்கள் ஓடின. அப்பிள் மரங்கள் போயின, சரிவு போனது, பிறகு ஆழமான குழி. அதற்குப் பிறகு நிரப்பத் தொடங்கினார்கள். நிரப்புவதற்கு இடம் கொடுத்ததற்கும் ஒரு தொகை வந்தது. தோண்டவும் தருகிறார்கள், மூடவும் தருகிறார்கள், ஊரில் இப்படி ஒன்று இருக்கவில்லையே என்று அவர் ஆச்சரியப்பட்டார். அந்தப் பணத்தில் மகனைக் கட்டிலிலிருந்து தூக்க, கூரையில் தண்டவாளம் பூட்டிய கருவி வந்தது, மோட்டார் நாற்காலி வந்தது. அவன் அந்த நாற்காலியில் பஸ் ஏறி நகரத்துக்குப் போய் அலுவலகப் படிப்பை முடித்து வேலைக்கும் சேர்ந்தான். குழியில் அவனைப் போலவே வயது கூடிப்போன சாரதிகள் இப்போதும் கை காட்டினார்கள்.

அவனுக்கு இருபத்துநாலு வயதானபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நாங்கள் மூவரும் புட்டும் கணவாய்க் கறியும் சாப்பிட்டுக்கொண்டிருக்கையில், பெர்னில் ஒரு வீடு பார்த்திருக்கிறேன் என்றான். அவனைப் போன்ற இருவரோடு சேர்ந்து. உதவியாளர்களைத் தானே சம்பளத்துக்கு வைத்துக்கொள்ளலாம். அரசு அதற்கு ஒரு பகுதி தரும். மீதிக்குத் தன் சம்பளம் கொஞ்சம் போதாது, அதையும் பார்த்துக்கொள்வேன் என்றான். அவன் கை அப்போதே கரண்டியைத் தூக்க முடியாத நிலைக்கு வந்திருந்தது. அக்காதான் ஊட்டிக்கொண்டிருந்தார். ஊட்டிய கை அப்படியே நின்றது.

"எப்ப திரும்பி வருவாய்?"

"நான் உங்கட கதிரை இல்லையம்மா" என்றான் அவன். சத்தம் போடாமல்தான் சொன்னான்.

இத்தனை வருடம் அந்த வீட்டை அவர் பிடித்துவைத்திருந்தது இவனுக்காக. இவனோ வீட்டைவிட்டுப் போகக் கேட்கிறான். அவர் அழுவார், திட்டுவார், செத்துப்போன தகப்பனை இழுப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் மீதிப் புட்டை ஊட்டி முடித்தார், வாயைத் துடைத்துவிட்டார், கோப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். நான் விடைபெறச் சமையலறைக்குப் போனபோது தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு சும்மா நின்றார்.

"காணியைப் பற்றி முப்பது கேள்வி கேட்டன் தம்பி. இஞ்சை இருக்க விருப்பமோ எண்டு இவனை ஒருநாளும் கேக்கேல்லை."

மூன்று நாளில் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டார். சரிவுத் துண்டை, குத்தகையோடு சேர்த்து, மகனின் பெயரில் நன்கொடையாக எழுதப்போகிறேன் என்றார். இனி வரும் பணமெல்லாம் அவனுக்கு. வீட்டுக் கடன் குறைந்துவிட்டது. தனக்குத் தன் சம்பளம் காணும். அவன் உதவியாளர்களுக்குக் கொடுக்கட்டும், வாடகை கட்டட்டும், படம் பார்க்கப் போகட்டும். நீர் மொழிபெயர்க்க வரவேணும் என்றார். குத்தகைக்கு விட்டாரே தவிர, அவர் எதையும் யாருக்கும் ஒரேயடியாகக் கொடுத்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை.

உறுதி முடிக்கும் நொத்தாரிசு, அந்த அலுவலகப் பத்திரக்காரர், ஓர் இளம் பெண். பத்திரத்தைப் பந்தி பந்தியாக வாசித்தார். நான் பந்தி பந்தியாகத் தமிழில் சொன்னேன். அக்கா கொப்பியைக் கொண்டுவந்திருந்தார், ஆனால் திறக்கவில்லை. மகன் மேசையின் அந்த முனையில் மோட்டார் நாற்காலியில் இருந்தான். கடைசிக்கு முந்தின பந்திக்கு வந்தபோது நொத்தாரிசு வேகத்தைக் குறைத்தார். இது கட்டாயமில்லை, இப்படியான நன்கொடைகளில் வழக்கமாகக் கேட்பது என்று சொல்லிவிட்டு வாசித்தார். கொடுத்தவருக்கு முன்னதாகப் பெற்றவர் இறந்தால், காணி கொடுத்தவரிடமே திரும்பும்.

இதை எப்படிச் சொல்வது, எதை விட்டுவிட்டுச் சொல்வது என்று மனம் தன் பழைய வழியில் ஓடியது. நான் தமிழில் சொல்லுமுன்பே அதை ஜேர்மனில் கேட்டு விளங்கிக்கொண்டவன் மகன். அவன் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சொல்லுங்கோ மாமா. அம்மாவுக்கு முழுசாச் சொல்லுங்கோ."

முழுவதையும் சொன்னேன். அக்கா கேட்டுக்கொண்டிருந்தார்.

"காணி எனக்குத் திரும்பி வருமெண்டோ எழுதியிருக்கு?"

"ஓம் அக்கா."

"அப்பிடித் திரும்பி வாறது எனக்கு வேண்டாம். அந்தப் பந்தியை எடுக்கச் சொல்லும்."

நான் சொன்னேன். நொத்தாரிசு கனிவாகத்தான் விளங்கப்படுத்தினார்: இந்த வரி இல்லாவிட்டாலும், உங்கள் மகனுக்குப் பிள்ளைகள் இல்லாதபடியால் சட்டப்படி பெரும்பாலும் உங்களுக்குத்தான் வரும், எழுதிவைத்தால் உங்களுக்குச் சிக்கல் இருக்காது. அதையும் நான் தமிழில் சொன்னேன்.

"சட்டம் செய்யிறதைச் சட்டம் செய்யட்டும். என்ர கையெழுத்துக்கு மேலை அந்த வசனம் இருக்கக்கூடாது."

நொத்தாரிசு எழுந்து பக்கத்து அறைக்குப் போய், அந்தப் பந்தி இல்லாத புதிய தாளை எடுத்துவந்தார். அக்கா ஒப்பமிட்டார். பிறகு எழுந்துபோய் மகனின் விரல்களுக்கிடையில் பேனையை வைத்து, முழங்கையைத் தன் உள்ளங்கையில் தாங்கிப் பிடித்தார். அவன் தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாக எழுதி முடிக்க வெகுநேரம் எடுத்தது. ஒருவரும் அவசரப்படவில்லை.